கட்டுக்குப் பத்து

என் நாத்தனாரை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டது நான்தான். பின்னால் அவள்மேல் எனக்கு வந்த பொறாமைக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

கம்பெனி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆஸ்பத்திரித் துணி செய்கிற இடம். தறியிலிருந்து காடாத் துணி வரும். அதை வெளுத்து, காயவைத்து, வெட்டி, பேண்டேஜாகச் சுற்றுவோம். ஆபரேசன் நேரத்தில் ரத்தம் ஒத்தி எடுக்கிற துணியை எட்டு மடிப்பாக மடித்துக் கட்டுவோம். அதற்கு நாங்கள் சொல்லுகிற பேர் பீஸ். பத்து பீஸ் சேர்ந்தால் ஒரு கட்டு. பத்துக் கட்டு ஒரு பை. வெளிநாட்டுக்குப் போகிற பீஸில் ஒரு நீல நூல் ஓடும். துணி தப்பித் தவறி வயிற்றுக்குள் கிடந்துவிட்டால் எக்ஸ்ரேயில் அந்த நூல் காட்டிக்கொடுக்கும்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். அங்கே இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. பாதி வருசம் மடிப்பு. மீதி வருசம் செக்கிங். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் டவுன் பஸ்ஸில் வருவேன். யாரோடும் அதிகம் பேச மாட்டேன். பேச என்ன இருக்கிறது.

நாத்தனாரை வத்திராயிருப்பில் கட்டிக்கொடுத்திருந்தது. புருசனும் பெஞ்சாதியுமாகச் சந்தையில் மாங்காய், எலுமிச்சம்பழம் விற்றார்கள். அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் வீடென்று எங்களோடு வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர், "ஒன் கம்பெனியில கேட்டுப் பாரேன்" என்றார். கேட்டேன். எடுத்துக்கொண்டார்கள். முதலில் பேண்டேஜ் சுற்றுகிற பக்கம் போட்டார்கள்.

ஒரு மாசத்தில் அவள் கை எல்லாரையும் தாண்டிவிட்டது. சந்தைக் கை. எடுக்கிறதும் போடுகிறதும் கண்ணுக்குத் தெரியாது. வாயும் அப்படித்தான். அவள் இருக்கிற பக்கம் எப்போதும் சிரிப்புச் சத்தம். சாப்பாட்டு நேரத்தில் முன்பெல்லாம் என் பக்கத்தில் ரெண்டு பேராவது உட்காருவார்கள். அவள் வந்த பிறகு எல்லாரும் அவளைச் சுற்றித்தான். எனக்கும் கூப்பிட்டு இடம் போடுவாள்.

"மதினி, இங்கிட்டு வாங்க. ஒங்களுக்குத்தான் எடம் போட்டு வச்சிருக்கேன்."

"இருக்கட்டும். நீ தின்னு."

அது எனக்குப் பிடிக்கவில்லை. என் இடத்தை அவள் எனக்குப் போட்டுத் தருவதா.

அந்த வருசம் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. அதற்குமுன் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் யாரோ நடுவில் இருப்பவர் வாங்கி அவர் பேரில் அனுப்புவார். இது நேரே எங்களுக்கே வந்தது. தனியாக ஒரு ஹால் கட்டி, தரையெல்லாம் வழவழவென்று பூசி, கண்ணாடிக் கதவு போட்டார்கள். உள்ளே போனால் வளையல் கூடாது. பூ கூடாது. தலைக்கு வெள்ளைத் தொப்பி. டேபிள் இன்சார்ஜுக்கு மட்டும் நீலத் தொப்பி.

அந்த நீலத் தொப்பி எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். நான் மட்டும் நினைக்கவில்லை. பழைய ஆட்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஆர்டர் தருகிற கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்தது. வெள்ளைக்காரி. வயசு என் வயசு இருக்கும். இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேசன் ரூமில் நர்சாக இருந்ததாம். செக்கிங்கில் இருக்கிற நாலு பேரை மட்டும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தது. அது பேசப் பேச மேனேஜர் சார் தமிழில் சொன்னார்.

ஒரு கட்டைப் பிரித்து டேபிளில் பத்து பீஸையும் பரப்பியது. தன் வயிற்றைத் தொட்டுக் காட்டியது. ஆபரேசனில் துணியை உள்ளே வைப்பார்களாம், எடுப்பார்களாம். முடிக்கிறபோது எண்ணுவார்களாம். பத்து போயிருந்தால் பத்து வெளியே வந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் வயிற்றைத் தைக்க மாட்டார்கள். தேடுவார்கள். எக்ஸ்ரே எடுப்பார்கள்.

பிறகு இன்னொரு பீஸை எடுத்து அந்தப் பத்தோடு வைத்தது.

மேனேஜர் சார் சொன்னார். "கட்டுல பதினொன்னு இருந்துருச்சுன்னு வைங்க. பிரிக்கும்போதும் எண்ணத்தான் செய்வாங்க. ஆனா ரத்தம் கொட்டுற அவசரத்துல ஒருத்தர் எண்ணாமப் பிரிச்சுட்டா, பத்துன்னுதான் எழுதுவாங்க. பதினொன்னு உள்ள போகும். பத்து வெளிய வரும். கணக்கு சரின்னு தச்சு அனுப்பிருவாங்க. கணக்கு சரியா இருந்தா எக்ஸ்ரேயும் எடுக்க மாட்டாங்க. ஒன்னு உள்ளயே கெடக்கும்."

சார் அந்தப் பதினோராவது பீஸைத் தொட்டுக் காட்டினார்.

"கொறஞ்சாக்கூடத் தேடுவாங்க. கூடுனாத்தான் ஆபத்து. டேபிள்ல ஒக்கார்ற ஒவ்வொருத்தருக்கும் காரணத்தோட சொல்லிக்குடுங்க." இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னார். செக்கிங்கில் நான்தான் மூத்தவள்.

வெளியே வந்து அந்த அம்மா கம்பெனியைச் சுற்றிப் பார்த்தது. பேண்டேஜ் சுற்றுகிற இடத்தில் என் நாத்தனார் பக்கத்தில் நின்றுவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பாஷை தெரியாதே என்ற கூச்சமெல்லாம் இல்லை. "என்னம்மா, சாப்டாச்சா?" என்று தமிழிலேயே கேட்டாள். அதுவும் சிரித்தது. அவள் கையை மட்டும் படம் எடுத்தது. அந்தப் படம் பிறகு கம்பெனியின் வெளிநாட்டுப் புத்தகத்தில் அச்சாகி வந்தது. நடுப் பக்கத்தில், பெரிசாக.

நானும் அதே விரல்களால்தான் அத்தனை வருசம் மடித்தேன். என் கையை யாரும் படம் எடுக்கவில்லை. அந்தப் புத்தகத்தை என் வீட்டுக்காரர் வாங்கிவந்து டிவி பக்கத்தில் வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "எந் தங்கச்சி கை" என்பார். நான் அடுப்படியிலிருந்து வெளியே வர மாட்டேன்.

அடுத்த வாரம் மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, டேபிள் இன்சார்ஜா ஒங்க நாத்தனாரைப் போடலாம்னு இருக்கேன். இருபது பேரை மேய்க்கணும். அவங்களுக்கு வாய் இருக்கு. நீங்க செக்கிங்லயே இருங்க. ஒங்க கண்ணு எனக்கு அங்க வேணும்."

"சரி சார்."

"வருத்தமில்லையே?"

"என்ன சார் வருத்தம்."

மனசு எரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, ஒங்களாலதான்" என்றாள். கையை உருவிக்கொண்டேன். டிக்கெட் எடுக்கிறதுபோல.

டேபிள் தொடங்குகிற அன்றைக்கு இருபது பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். வயிறு, எண்ணிக்கை, பதினொன்று, எல்லாம் சொன்னேன். சுருக்கமாகச் சொன்னேன், ஆனால் சொன்னேன். அவள் அப்போது ஸ்டோரில் கையுறை வாங்கிக்கொண்டிருந்தாள். நீலத் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டே வந்தாள். அது அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

"என்ன மதினி சொன்னீக? நான் கேக்கலையே."

"கட்டுக்குப் பத்து. அம்புட்டுத்தான்."

"அது தெரியும்ல. வேற?"

"வேற ஒன்னுமில்ல."

எண்ணிக்கை சொன்னேன். காரணம் சொல்லவில்லை. மறந்துவிடவில்லை. வாய் வரைக்கும் வந்தது. நீலத் தொப்பி போட்டவளுக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நின்றுவிட்டது.

வேலை ஓடியது. பெண்கள் மடித்துப் பத்துப் பத்தாகக் கட்டுவார்கள். பத்தாவது கட்டை இன்சார்ஜ் வாங்கிப் பார்த்து மேலே வைத்து, தன் நம்பர் போட்ட சீட்டையும் போட்டுப் பையை மூடுவாள். பிறகு பை என்னிடம் வரும். நான் நடுவிலிருந்து ஒரு கட்டை உருவி எண்ணுவேன். எப்போதும் சரியாக இருந்தது. தப்பு ஒன்று கிடைக்காதா என்று பார்த்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கிடைத்தது. ஆர்டர் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஒரு பை ஓரம் கிழிந்து வந்தது. வேறு பைக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது பத்துக் கட்டையும் எண்ணினேன். மேல் கட்டில் பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று. இன்னொரு பையைப் பிரித்தேன். மேல் கட்டில் பதினொன்று. மூன்றாவது பையிலும் அப்படியே.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வத்திராயிருப்புச் சந்தையில் அவள் எலுமிச்சம்பழம் எண்ணுகிறதைப் பார்த்திருக்கிறேன். அஞ்சு பழம் ஒரு கை. கை கையாக எண்ணிப் போட்டு, முடிவில் ஒரு பழத்தைக் கூட எடுத்துப் போடுவாள். கொசுறு. கொசுறு போடாமல் பையை மூட அவளுக்குத் தெரியாது.

மூன்று பையையும் அப்படியே மூடி ஒட்டினேன். பெட்டியில் வைத்தேன்.

ஒன்றும் செய்ய வேண்டாம். அதுதான் அதில் இருந்த சுகம். கப்பல் போகும். ரெண்டு மாசமோ மூன்று மாசமோ கழித்து அங்கிருந்து புகார் வரும். சீட்டில் அவள் நம்பர். தொப்பி தானாக இறங்கும். நான் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை.

அன்றைக்கு வீட்டில் அவள்தான் தோசை ஊற்றினாள். நான் போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினேன். கைக்கு மேலேயே ஒன்றைப் போட்டாள்.

"ஒன்னே ஒன்னு மதினி. கொறஞ்சா போயிருவீக?"

தின்றேன். மறுநாளும் பேசவில்லை. பைகள் வந்தபடி இருந்தன. நடுவிலிருந்து ஒரு கட்டு உருவினேன். பத்து. முத்திரை குத்தினேன். மேல் கட்டை நான் தொடவே இல்லை.

மூன்றாம் நாள் தூத்துக்குடி ஹார்பருக்குப் போகிற லாரி வந்து நின்றது. பெட்டிகளை ஏற்ற ஆரம்பித்தார்கள். நான் கையில் லிஸ்ட்டோடு பக்கத்தில் நின்று டிக் அடித்தேன். முப்பதோ நாற்பதோ ஏறியிருக்கும்.

எனக்குக் கர்ப்பப்பை எடுத்து ஆறு வருசம் ஆகிறது. முதுகில் ஊசி போட்டதால் முழித்துத்தான் கிடந்தேன். முன்னால் பச்சைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கம் ஒரு பெண் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஆறு, ஏழு, எட்டு என்று. எதை எண்ணுகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. லாரிக்குப் பக்கத்தில் நிற்கும்போது அந்தக் குரல் ஞாபகம் வந்தது. பேனா மூடியை மூடினேன். ஆபீஸ் ரூமுக்குப் போனேன்.

"லாரிய நிப்பாட்டுங்க சார்."

"ஏம்மா?"

"பைக்குப் பை மேல் கட்டுல பதினொன்னு இருக்கு."

அவர் எழுந்து ஓடிவந்தார். ஒரு பெட்டியை உடைத்தார்கள். நான் சொன்னபடியே இருந்தது. ஏற்றினதை எல்லாம் இறக்கச் சொன்னார். ஹாலில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பத்தாவது கட்டுல ஒன்னு கூட வச்சது யாரு?"

என் நாத்தனார் கையைத் தூக்கினாள். "நாந்தான் சார்."

"எதுக்கு?"

"கடல் தாண்டிப் போகுது. நம்ம ஊரு சரக்கு. கணக்காவா சார் வைக்கிறது? முழுசா ஒரு பை வாங்குறாகள்ல."

எல்லாரும் சிரித்தார்கள். தெலுங்கு வீட்டு அக்கா ஒருத்தி, "தல்லி, புண்ணியவதி தாயி நீ" என்றாள். மேனேஜர் சார் சிரிக்கவில்லை. அந்த வெள்ளைக்கார அம்மா சொன்னதை எல்லாம் சொன்னார். வயிற்றைத் தொட்டுச் சொன்னார். சிரிப்பு நின்றது.

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. புருசன் செத்த அன்றைக்குக்கூட நாலு பேரைக் கவனித்துத் தண்ணீர் கொடுத்தவள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எந்தப் பெட்டியும் போகலையே சார்? ஒன்னுகூடப் போகலையே?"

"போகல. இதை ஒங்களுக்கு யாரும் சொல்லித்தரலையா?"

கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். இருபது பேரும் பார்த்தார்கள். நான் கையிலிருந்த லிஸ்ட்டைப் பார்த்தேன்.

அவள் சொன்னாள். "மதினி சொன்னாக சார். வெவரமாத்தான் சொன்னாக. எம் மண்டையிலதான் ஏறல."

அதோடு பேச்சு முடிந்தது.

எல்லாப் பெட்டியையும் பிரித்துப் பதினோராவது பீஸை உருவி மறுபடி மூட ரெண்டு நாள் ஆனது. அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்து செய்தோம். அவளைத் திட்டிக்கொண்டேதான் செய்தார்கள். "ஏட்டி, ஒன் தாராளத்துக்கு எங்க இடுப்பு போச்சு." "இன்னும் ஒன்னு வச்சிருந்தீன்னா நாங்களே ஆபரேசனுக்குப் போயிருப்போம்." அவளும் திட்டு வாங்கிக்கொண்டே எல்லாருக்கும் டீ எடுத்துக் கொடுத்தாள். திட்டும்போதும் அவர்களுக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது. தப்பைக் கண்டுபிடித்த என்னிடம் யாரும் வந்து பேசவில்லை. அதையும் கவனித்தேன்.

லாரி போனது. திங்கட்கிழமை மேனேஜர் சார் நீலத் தொப்பியை என்னிடம் கொடுத்தார். "கம்பெனியக் காப்பாத்திட்டீங்கம்மா" என்றார். போட்டுக்கொண்டேன். பாத்ரூம் கண்ணாடியில் பார்த்தேன். ஒருநாள் முழுக்கப் போட்டிருந்தேன். அவள் என்னெதிரே வெள்ளைத் தொப்பியில் மடித்துக்கொண்டிருந்தாள். "கட்டு சரியா இருக்கா பாருங்க இன்சார்ஜம்மா" என்று நீட்டினாள். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"ஒனக்கு எதுக்குட்டி அந்தப் பொய்யி?"

"எந்தப் பொய்யி?"

"நான் வெவரமாச் சொன்னேன்னு சொன்னியே."

"பெறவு என்ன சொல்ல? சொல்லலன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் தொப்பி போகும். ஒருத்தருக்காவது மிஞ்சட்டுமேன்னுதான்." ஒரு சேலையின் முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். ரெண்டு பேரும் இழுத்து மடித்தோம். "ஏன் சொல்லலன்னு நான் ஒங்ககிட்ட கேட்டேனா?"

"கேக்கல."

"கேக்க மாட்டேன்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று தெரியவில்லை.

இதுவரைக்கும் அவள் கையைப் பார்த்துத்தான் எனக்கு எரிந்தது. வாயைப் பார்த்து, படத்தைப் பார்த்து, தொப்பியைப் பார்த்து. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இருபது பேர் பார்க்க, ஒரு நிமிசம் யோசிக்காமல், தன்னைக் கவிழ்க்கப் பார்த்தவளுக்காக அவள் பொய் சொன்னாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். மடிப்பு வேகத்தைப் பழகிப் பிடிக்கலாம். இதை எங்கே போய்ப் பழகுவது? அவள் பார்த்து எனக்குக் கொடுத்த தொப்பி என் தலையில் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை மேனேஜர் சார் ரூமுக்குப் போனேன். தொப்பியை டேபிளில் வைத்தேன்.

"அவகிட்ட நான் காரணம் சொல்லல சார். பத்துன்னு மட்டுந்தான் சொன்னேன். பதினொன்னு இருக்குறது லாரி வாறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே எனக்குத் தெரியும்."

அவர் தொப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏம்மா இப்பிடிப் பண்ணீங்க?"

"தொப்பி அவளுக்குப் போச்சேன்னு."

"சரி, அதை இப்ப ஏன் வந்து சொல்லுறீங்க? யாரும் கேக்கலையே."

"அவ பாவம் பாத்துக் குடுத்ததா இருக்கு சார் இது. எனக்கு வேண்டாம்."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ. ஆனால் கோபம் வந்தது. நியாயமான கோபம். செக்கிங்கிலிருந்தும் எடுத்துவிட்டார். "முத்திரை குத்துற கை நம்பிக்கையா இருக்கணும்" என்றார். சரி என்றேன். மடிப்புக்குப் போகச் சொன்னார். நீலத் தொப்பி சேத்தூரிலிருந்து வருகிற ஒரு பெண்ணுக்குப் போனது. சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. அவளை உட்காரவைத்துக் காரணம் முழுவதையும் ரெண்டு தடவை சொன்னேன். என் வயிற்றுத் தழும்பையும் காட்டினேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் என் நாத்தனார் என்மேல் கோபமாக இருந்தாள். பாதி வழி வரைக்கும் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஆரம்பித்தாள்.

"நான் ஒரு பொய்யச் சொல்லி ஒங்கள ஏத்திவிட்டா, நீங்க பாட்டுக்கு எறங்கி வந்துட்டீக. இருந்த செக்கிங்கும் போச்சு. ஒங்களுக்கு ஒரு ஒதவி பண்ணுறதுக்குள்ள உசுரு போயிரும் போல மதினி."

"பண்ணாத."

"பண்ணல. போதுமா?"

"போதும்."

"அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போறீக?"

"உள்ளதத்தான்."

"வேண்டாம். ஆள் கொறைச்சலுன்னு மடிப்புக்கு மாத்திட்டாகன்னு சொல்லுவோம்." அதற்குள் அடுத்த பொய்யைத் தயார் பண்ணிவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டில் உள்ளதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் எழுந்து போனார். டிவி பக்கத்திலிருந்த புத்தகத்தை எடுத்து உள்ளே வைத்தார். அவள் மறுநாள் அதைத் திரும்ப எடுத்து வெளியே வைத்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது ரெண்டு பேருக்கும் ஒரே டேபிள். எதிரெதிரே உட்கார்ந்து மடிக்கிறோம். யார் எம்புட்டு மடித்தார்கள் என்று சாயங்காலம் போர்டில் எழுதுகிறார்கள். அவள் முதலில் இருப்பாள். நான் நாலாவதோ அஞ்சாவதோ. ஒருநாள் மூன்றாவது வந்தேன். அவள் கண்டுபிடித்து டேபிள் முழுக்கச் சொன்னாள். "எங்க மதினியப் பாத்தீகளா" என்றாள். நான் அவள் பேருக்கு நேரே இருந்த எண்ணிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையதைவிட நாற்பது கட்டு அதிகம்.